சிஎல்எல்: காலவரையற்ற மாத்திரையா, ஒரு வருடத்தில் முடியும் மருந்தா?

சிஎல்எல் (மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்த பிறகு டாக்டர் "இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கைவிட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்து ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள்; ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுதான் மிச்சம். வெள்ளை அணு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அது மட்டுமே மருந்து தொடங்கக் காரணம் ஆகாது. நோயால் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்குவது, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, நெறிகட்டியோ மண்ணீரலோ பெரிதாகித் தொந்தரவு தருவது, ஆறு மாதத்தில் உடல் எடை 10 சதவீதம் குறைவது, ராத்திரி உடுப்பு நனைகிற அளவுக்கு வியர்ப்பது, இந்த மாதிரி ஏதாவது வந்தால்தான் ஆரம்பிப்பார்கள்.

சரி, அந்த நேரம் வந்துவிட்டது என்றால் இன்று இரண்டு பெரிய வழிகள்.

முதலாவது, பிடிகே என்ற புரதத்தைத் தடுக்கும் மாத்திரை. இப்ருடினிப் 2014இல் வந்தது, அப்புறம் அகலாப்ருடினிப், ஜானுப்ருடினிப். புற்றணு உயிரோடு இருக்கத் தேவையான சமிக்ஞையை இவை அடைக்கின்றன. வீட்டிலேயே விழுங்கலாம், ஆனால் நோய் அடங்கியிருக்கும் வரை, உடம்பு தாங்கும் வரை, நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். ஆரம்பத்தில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கை குறையாமல் ஏறும். நெறிகட்டிக்குள் இருந்த அணுக்கள் ரத்தத்துக்குள் வந்து விழுவதால் அப்படி, மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். கவலைப்பட வேண்டியது இதயத்துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம், ரத்தக்கசிவு. இப்ருடினிப்பில் இதயத் தொல்லை அதிகம், அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பின்னால் வந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்கச் சொல்வேன். ஜானுப்ருடினிப், மீண்டும் நோய் வந்தவர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, இப்ருடினிப்பைவிட நீண்ட நாள் நோயை அடக்கியது.

இரண்டாவது வெனிடோகிளாக்ஸ், கூடவே ஒபினுடுசுமாப் ஊசி. புற்றணுவைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தை முடக்குகிற மருந்து இது. ஊசி ஆறு சுற்று, மாத்திரை உட்பட மொத்தம் 12 சுற்று, சுமார் ஒரு வருடம், முடிந்ததும் மருந்தே இல்லாத வருடங்கள் கிடைக்கின்றன. அந்த விடுதலை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் தொடக்கம் சிரமம்: அணுக்கள் ஒரேயடியாகச் செத்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம், அதனால் 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என்று வாரம் வாரமாக ஏற்றுவார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். இரண்டு வகையையும் சேர்த்து, ஊசியே இல்லாமல், குறிப்பிட்ட காலத்தில் முடிக்கிற முறையும் வந்துவிட்டது.

மூன்று மருந்துகள் சேர்ந்த பழைய எஃப்சிஆர் கீமோ? ஐஜிஹெச்வி மரபணு மாற்றமடைந்த சில இளவயதினருக்குப் பத்து வருடத்துக்கும் மேல் நோய் திரும்பாமல் இருந்ததுண்டு, ஆனால் பின்னாளில் வேறு ரத்தப் புற்று வரும் ஆபத்து இருப்பதால் மாத்திரைகள் கிடைக்கிற நிலையில் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். புற்றணுவில் 17பி நீக்கமோ (17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போவது) டிபி53 மரபணு மாற்றமோ இருந்தால் எஃப்சிஆர் வேண்டவே வேண்டாம்.

17பி நீக்கம், டிபி53 மாற்றம் இரண்டில் ஒன்று இருப்பவருக்குத் தொடர்ந்து எடுக்கும் பிடிகே மாத்திரை பக்கம்தான் என் சாய்வு. சிறுநீரகம் பலவீனம், அடிக்கடி மருத்துவமனை போக முடியாது என்பவருக்கும் அதுவே. இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், தினசரி மாத்திரையை மறந்துவிடுகிறவர் என்றால் வெனிடோகிளாக்ஸ். ஒரு வழி பலன் தராமல் போனால் மற்றது பெரும்பாலும் கைகொடுக்கிறது, ஆகவே முதல் தேர்வில் எல்லாம் முடிந்துபோவதில்லை.

எதுவானாலும் மருந்து தொடங்கும் முன் ஃபிஷ் (17பி நீக்கம் போன்ற குரோமோசோம் மாற்றங்களைக் காட்டும் சோதனை), டிபி53 பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஐஜிஹெச்வி ஒருமுறை பார்த்தால் போதும், அது மாறாது. மற்ற இரண்டும் காலப்போக்கில் மாறலாம் என்பதால், நோய் திரும்பி அடுத்த மருந்துக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டை நீட்டினால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.