ஃபார்ம் 1, ஐந்து வருடம் கழித்து: துப்பாக்கியில் அப்பா பெயர்

போன வாரம் ஓக்லஹோமாவில் இருக்கும் நண்பன் கூப்பிட்டான். "மச்சி, அந்த 200 டாலர் வரியை எடுத்துட்டாங்களாமே, நானும் ஒரு ஃபார்ம் 1 போட்டுரவா?" அமெரிக்காவில் குட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி ஐட்டங்களைச் சொந்தமாகத் தயாரிக்க அரசிடம் போடும் விண்ணப்பம்தான் ஃபார்ம் 1. போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன். பாதி புலம்பல்.

வரி போனது உண்மைதான். 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைபிள், குட்டைக் குழல் ஷாட்கன், சப்ரஸர் (சுடும் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) மூன்றுக்கும் பூஜ்யம். 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் (NFA) வைத்த தொகை அது. தொண்ணூறு வருடம் ஒரு சென்ட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அன்றைக்கு சாதாரண ஆள் நினைத்தும் பார்க்க முடியாத பணம். நான் டெக்ஸாஸில் 2021-இல் கட்டியபோது, நாலு பேர் குடும்பத்தோடு இரண்டு தடவை வெளியே சாப்பிட்ட செலவு. என்னைப் படுத்தியது பணம் இல்லை. படுத்தியதெல்லாம் அப்படியே இருக்கிறது: விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் படம், இரண்டு கைரேகை அட்டை, உள்ளூர் போலீஸ் தலைமைக்கு ஒரு நகல், ஒப்புதல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

'தயாரிப்பு' என்ற சொல்லைப் பார்த்து யாரும் உலைப்பட்டறையைக் கற்பனை செய்ய வேண்டாம். கடையில் வாங்கிய ரைபிளில் 16 அங்குலத்துக்குக் குறைவான குழலைப் பூட்டினாலே சட்டப்படி அது தயாரிப்பு. ஒப்புதலுக்கு முன்னால் பூட்டினால் பத்து வருடம்வரை சிறை. பயத்தில் நான் அந்தக் குழலை வாங்கவே இல்லை, பேப்பர் கைக்கு வந்த பிறகுதான் ஆர்டர் போட்டேன். இந்தக் குட்டைக் குழல் கதையே வேடிக்கை. 1934-இல் கைத்துப்பாக்கிகளையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர நினைத்தார்கள். ரைபிளை அறுத்துக் குட்டையாக்கி யாரும் தப்பித்துவிடக் கூடாதே என்று குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். கடைசியில் கைத்துப்பாக்கியை விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார், தோழன் மட்டும் இன்னும் மணவறையில் உட்கார்ந்திருக்கிறான்.

படிவத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆன்லைனில் ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். கைரேகைதான் என் தப்பு. நானே மை தடவி உருட்டியதில் நாலு அட்டை வீண். பார்கோடு போட்ட முகப்புத் தாளோடு அட்டைகளைத் தபாலில் அனுப்பினேன், ஒரு மாதத்துக்குள் ஒப்புதல் வந்தது. இங்கே கிரீன் கார்டுக்காக நம் ஆட்கள் காத்துக் கிடக்கும் காலத்தோடு ஒப்பிட்டால் இது இமைக்கும் நேரம்.

எரிச்சல் அதற்கப்புறம்தான் ஆரம்பம். நீங்கள் இப்போது 'தயாரிப்பாளர்'. ஆகவே உங்கள் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் ரிசீவரில் (துப்பாக்கியின் நடு உடல்) பொறிக்க வேண்டும், குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில். ஜான், ஸ்மித் என்று பெயர் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு ஊரில் ஒரே ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராகிவிட்டது. இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் 27 எழுத்து. பொறிக்கும் கடைக்காரர் அனுப்பிய மாதிரி வரைபடத்தில் அப்பா பெயரில் ஒரு 'எச்' இல்லை. திருத்திச் சொன்னேன். இரண்டாவது வரைபடத்திலும் இல்லை. மூன்றாவதில் 'எச்' வந்தது, ஊர் பெயர் தப்பாக இருந்தது. காகிதத்தில் தப்பினால் அழிக்கலாம், இரும்பில்? நாலாவது தடவை கடைக்கே போய் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

போதாக்குறைக்கு, நண்பனின் நிலத்தில் காட்டுப்பன்றி சுட மாநில எல்லை தாண்டும்போதெல்லாம் 5320.20 என்று இன்னொரு அனுமதி. ஒரு வருடத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், அடுத்த வருடம் மறுபடியும் கேட்க வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டு, சாதாரண ரைபிளோடு போனேன். பன்றி வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆக நண்பனுக்கு என் தீர்ப்பு: போடாதே. ஓசி என்பதற்காகப் போடாதே. அவனாவது கிரீன் கார்டு, சட்டப்படி தடையில்லை. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம், துப்பாக்கி வைத்திருப்பதே குற்றமாகிவிடும். வேட்டை உரிமம் என்று ஒரு விலக்கு உண்டு, அதை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். கலிபோர்னியாவில் இருந்தால் வக்கீல்கூட வேண்டாம், மாநிலமே விடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகு, இரண்டாவது ரைபிளுக்கான ஃபார்ம் 1 என் கணக்கில் பாதி நிரப்பி சேமித்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

காரணம் அந்தப் பொறிப்புதான். தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் அப்பாவுக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது, பயிர்க் காவல் லைசென்ஸ். தேர்தல் அறிவித்தால் போதும், சாக்கில் சுற்றி சைக்கிளில் வைத்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். ரசீதுகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். துப்பாக்கி சுட்டு நான் பார்த்ததே இரண்டு முறைதான், ரசீது வாங்கப் பார்த்தது எத்தனையோ முறை. பொறித்து வந்த அன்று ரிசீவரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல, ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு கூப்பிட்டார்.

"எம்பேரு கெடக்கு. சரிப்பா, அங்க எலெக்சன் வந்தா எந்த ஸ்டேசன்ல கொண்டுபோய் வைப்ப?"