தொட்டியின் அளவைக் கேட்காமலே 13 மீன் விற்றார்கள்

சின்னதாக ஒரு மீன் தொட்டி வாங்கி, எத்தனை மீன் விடலாம் என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் அப்படித்தான் போனேன். மூன்று வாரத்தில் 14 மீன் செத்தது.

45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். அதுதான் எங்கள் தொட்டி. காலையில் தொட்டியை வாங்கி வந்து, கூழாங்கல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, சாயங்காலமே மகளோடு மீன் வாங்கப் போய்விட்டேன். கடைக்காரர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தக் கலர் பிடிக்கும் பாப்பா?" தொட்டி எவ்வளவு பெரிது, எத்தனை நாளாக ஓடுகிறது, ஏற்கெனவே மீன் இருக்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. மகள் கை காட்டிய கோல்டு ஃபிஷ் நான்கு, ஏஞ்சல் இரண்டு, நியான் டெட்ரா ஆறு. அதற்கு மேல் "கண்ணாடியை இது சுத்தமா வெச்சுக்கும்" என்று சொல்லி ஒரு சக்கர் மீனையும் பையில் போட்டுக் கொடுத்தார். மொத்தம் 13.

இத்தனை தாங்குமா என்று நான் கேட்காமல் இல்லை. ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்பதுதான் கணக்கு, ஃபில்டர் நன்றாக இருந்தால் இரண்டு மடங்கு விடலாம் என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்னதால் நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு டெட்ரா ஃபில்டர் குழாயில் ஒட்டிக் கிடந்தன. மற்றவை எல்லாம் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெரிய கோல்டு ஃபிஷை அருகில் வைத்துப் பார்த்தேன். செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டது. உள்ளே செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரே மூலையில் நின்றது.

கடைக்கு ஓடினேன். ஃபங்கஸ் என்றார், ஒரு நீல மருந்தைக் கொடுத்தார். தொட்டியை முழுசாகக் காலி செய்து, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார். "தொட்டி வெறிச்சுனு இருக்கும் சார்" என்று இன்னும் நான்கு டெட்ராவும் விற்றார். சொன்னபடியே எல்லாம் செய்தேன். அடுத்த பதினைந்து நாளில் டெட்ரா ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு ஏஞ்சலும் இரண்டு கோல்டு ஃபிஷும் போயின. மறுபடி கேட்டபோது என் கைராசி சரியில்லை என்கிற மாதிரி பேசினார். எனக்கு ஆறாத கோபம் அந்தப் பேச்சின் மேல்தான். ஏனென்றால் மீன்களுக்கு வந்தது நோயே இல்லை.

வேறொரு இடத்தில் அமோனியா சோதிக்கும் கிட் வாங்கிப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. மீன்கள் தாங்கள் கழித்ததிலேயே மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. மீன் வெளியேற்றும் அமோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே வருகிறது. எச்சமும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகும்போது இன்னும் கூடும். ஓடிப் பழகிய தொட்டியில் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் குறைந்த அளவிலேயே விஷம். நைட்ரேட் அந்த அளவு ஆபத்தில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். ஆனால் அந்தப் பாக்டீரியாக் கூட்டம் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அன்றைக்கே நிரப்பிய தொட்டியில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கொஞ்சம் வளர்ந்திருந்ததையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நீல மருந்தையும் ஊற்றி நானே அழித்திருக்கிறேன். அவர் சொல்லித்தான் செய்தேன்.

எண்ணிக்கைக் கணக்குக்கு வருகிறேன். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து அளந்து தொட்டியை நிரப்பிப் பார்த்தேன். வெளி அளவை வைத்துப் பெருக்கினால் 40 லிட்டருக்குச் சற்று மேல். கண்ணாடித் தடிமன், நான்கு செ.மீ. கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே பிடித்தது 30 லிட்டர்தான். ஒரு கேலன் 3.8 லிட்டர் என்றால் எட்டு கேலன். அவருடைய கணக்குப்படியே எட்டு அங்குல மீன்தான் விட்டிருக்க வேண்டும். கோல்டு ஃபிஷ் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம், சக்கரும் இரண்டு, மற்றவை ஓர் அங்குலம் என்று கூட்டுங்கள். 18 வருகிறது. அவர் சொன்ன இரண்டு மடங்கையும் தாண்டி விற்றிருக்கிறார்.

அந்தக் கணக்கே பாதிப் பொய் என்பது அப்புறம்தான் புரிந்தது. பத்து அங்குல மீன் ஒன்றும் ஓர் அங்குல மீன் பத்தும் சமமாகுமா? நீளம் பத்து மடங்கானால் அகலமும் தடிமனும் கூடவே பத்து மடங்காகும், எடை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப ஏறும். விரலளவு மெலிந்த சின்ன மீன்களுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கோல்டு ஃபிஷுக்குப் பொருந்தவே பொருந்தாது. உருண்டை உடம்பு வகைகளே 15 செ.மீ. தாண்டும், சாதாரண வகை 20 செ.மீ.க்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். சக்கர் மீன் 30 செ.மீ. தாண்டும், அதாவது எங்கள் தொட்டியின் அகலத்தைவிடப் பெரிது. ஏஞ்சல் வளர்ந்தால் நியான் டெட்ராவையே விழுங்கிவிடும். கோல்டு ஃபிஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், டெட்ராவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். ஒரே பையில் இவற்றைப் போட்டுக் கொடுத்தவருக்கு இதெல்லாம் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதனால் கடையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியும் குட்டியைப் பார்க்காதீர்கள். "முழுசா வளர்ந்தா எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த மீன் வேண்டாம். 30 லிட்டருக்குக் கப்பி என்கிற சின்ன மீனில் ஆண் மட்டும் ஆறேழு, அல்லது நியான் டெட்ரா மட்டும் ஏழெட்டு. இரண்டில் ஒன்றுதான். டெட்ரா ஆறுக்குக் குறைந்தால் மிரண்டுபோய்க் கிடக்கும், அதனால் இன்னும் குறைக்க நினைப்பவர்கள் கப்பிக்கே போய்விடலாம். பெண் கப்பியை மட்டும் சேர்க்காதீர்கள். ஒருமுறை சேர்ந்த பிறகு ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் குட்டி போடும், நீங்கள் போட்ட எண்ணிக்கைக்கு அர்த்தமே இருக்காது. உயரமான ஒடுங்கிய தொட்டியாக இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், காற்று கலப்பது மேற்பரப்பில்தான். வெயில் காலத்திலும் கவனம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும்.

மிஞ்சிய இரண்டு கோல்டு ஃபிஷையும் சக்கரையும் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பர் வாங்கிக்கொண்டார். எங்கள் தொட்டியை மீன் இல்லாமல், தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஐந்து வாரம் ஓட்டினோம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மூன்று ஆண் கப்பி, பத்து நாள் கழித்து இன்னும் மூன்று விட்டோம். இப்போது நான்கு மாதம் ஆகிறது, ஆறும் இருக்கின்றன. மகள் காலையில் எழுந்ததும் முதலில் போய் எண்ணிப் பார்க்கிறாள்.