வட்டில்லாக் கணினிக்கு என்எஃப்எஸ்ஸா, ஐஸ்கசியா? கரண்ட் நின்று வரும் ஊரிலிருந்து ஓர் ஒப்பீடு

மன்னார்குடிக்கு அருகில் எங்கள் வீட்டில், வன்வட்டு கழற்றிய மூன்று பழைய மடிக்கணினிகள் மாடியறையில் இருக்கும் ஒரே சர்வரிலிருந்து கேபிள் வழியாக பூட் ஆகின்றன. அவற்றுக்கான கோப்புகளை என்எஃப்எஸ் (சர்வரின் அடைவுகளை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாகக் கொடுப்பதா, ஐஸ்கசி (சர்வரில் உள்ள வட்டைக் கணினியின் சொந்த வட்டுபோல் நெட்வொர்க்கில் காட்டும் முறை) வழியாகக் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பலரும் வேகத்தை வைத்தே விடை சொல்கிறார்கள். கேபிள்களை இணைக்கும் எங்கள் நெட்வொர்க் சுவிட்ச் வினாடிக்கு 100 மெகாபிட் வகை. எந்த முறையானாலும் வினாடிக்கு 12 மெகாபைட்டுக்கு மேல் தராது. எனவே ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது எது தாக்குப்பிடிக்கிறது, பழுதானால் எதில் காரணம் சீக்கிரம் பிடிபடுகிறது என்பவற்றையே நான் அளவுகோலாகக் கொண்டேன்.

கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) இறங்கும் வரையிலான பழுதுகளுக்கு என்எஃப்எஸ், ஐஸ்கசி இரண்டுமே பொறுப்பல்ல. ஐபி முகவரி வந்தும் பூட் கோப்பு வரவில்லை என்றால், ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும் சேவை) அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலைப் பிராக்ஸி முறையில் (முகவரியை ரவுட்டருக்கே விட்டு, பூட் விவரத்தை மட்டும் சொல்லும்படி) ஓடவிட்டால் ரவுட்டரைத் தொடாமலே அக்குறை தீரும். பழைய பயாஸ் ஃபர்ம்வேர் (கணினியிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) உள்ள கணினிக்கும், அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ கணினிக்கும் வெவ்வேறு ஐபிஎக்ஸ்இ (நெட்வொர்க் பூட் நிரல்) கோப்புகள் தேவை என்பதை மறந்து நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். கெர்னல் இறங்கிய பிறகு திடீரென நெட்வொர்க்கே இல்லை என்றால், பெரும்பாலும் பூட் ராம் படிமத்தில் (கெர்னலுடன் சேர்ந்து நினைவகத்தில் இறங்கும் தொடக்கக் கோப்புத் தொகுப்பில்) அந்த ஈதர்நெட் சில்லுக்கான டிரைவர் இல்லை. அதுவரை வேலை செய்தது ஃபர்ம்வேரின் டிரைவர்.

வேறுபாடு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. என்எஃப்எஸ்ஸில் மடிக்கணினியின் ரூட் (எல்லாக் கோப்புகளும் அடங்கிய மூல அடைவு) என்பது சர்வரில் உள்ள ஒரு சாதாரண அடைவு என்பதால், பூட் ஆகாமல் நிற்கும் கணினியின் பதிவுக் கோப்பைச் சர்வரிலேயே திறந்து படிக்கலாம், தவறான வரியை அங்கேயே திருத்தலாம். ஐஸ்கசியில் சர்வருக்குத் தெரிவது ஒரே பெரிய வட்டுப் படிமம். உள்ளே பார்க்க வேண்டுமானால் மடிக்கணினியை அணைத்துவிட்டு அப்படிமத்தைச் சர்வரில் மவுண்ட் செய்தாக (கோப்புகள் தெரியும்படி இணைத்தாக) வேண்டும். அவசரத்தில் ஒரே இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை) படிமத்தை இரண்டு கணினிகளுக்கு எழுதும் உரிமையுடன் கொடுத்துவிட்டால், படிமமே சிதைந்துபோகும்.

மின்தடையில் இன்னும் தெளிவாகிறது. மடிக்கணினிகளுக்கு பேட்டரி உண்டு, சர்வருக்கு யுபிஎஸ் உண்டு; கீழ்த்தளத்துச் சுவிட்சுதான் அணைந்துபோகும். ஹார்ட் மவுண்ட் (பதில் வரும்வரை விடாமல் முயலும் இணைப்பு) என்எஃப்எஸ்ஸின் இயல்புநிலை என்பதால், சர்வர் பதிலளிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணினி அப்படியே காத்திருக்கும். சுவிட்ச் உயிர்பெற்றதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். லினக்ஸில் ஐஸ்கசி இணைப்பைக் கையாளும் ஓப்பன்-ஐஸ்கசி நிரலோ இயல்பாக 120 வினாடி மட்டுமே பொறுக்கும். அதன்பின் வட்டில் எழுத முடியாத பிழைகள் கோப்பு முறைமைக்குத் தெரியவந்து, ரூட் பெரும்பாலும் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். ரூட்டே ஐஸ்கசியில் இருந்தால் அந்தக் கால அளவை 86400 வினாடி, அதாவது ஒரு முழு நாள், என்று மாற்றுவது அவசியம்.

ஆனாலும் ஐஸ்கசியை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் விண்டோஸை என்எஃப்எஸ் ரூட்டிலிருந்து பூட் செய்ய வழியில்லை. ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மடிக்கணினிகள் என்எஃப்எஸ்ஸிலும், விண்டோஸில் நெல் கணக்கு எழுதும் மூன்றாவது ஐஸ்கசியிலும் ஓடுகின்றன. அந்த மூன்றாவதற்காகவே சுவிட்சின் அடாப்டரையும் யுபிஎஸ் இணைப்புக்கு மாற்றிவிட்டேன்.