உப்புக்காற்றும் கிறவல் பாதையும்: திருமலையில் ஒரு பழைய லாண்ட் ரோவரோடு

பழைய ஜீப் சாமான் சேர்க்கிறவர்கள் பலர் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருகோணமலை உப்புவெளியில் வீடு, வாசலில் ஒரு சீரிஸ் 3 லாண்ட் ரோவர், அறைக்குள் அதோடு சேர்ந்த மெனுவல், தகடு, பட்ஜ், எண்ணெய்க் கான் என்று பல வருடங்களாகச் சேர்ந்துபோன சாமான்கள். இவ்வளவு காலமும் பழகியதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, பாதையில் உதவுகிற சாமானைத்தான் தேடிச் சேர்க்கவேண்டும் என்பது.

என்னிடம் இருப்பவற்றில் நான் மிகவும் நேசிப்பது ஒரு சீரிஸ் 2ஏ மெனுவல் புத்தகம். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் கிறீஸ் கறை. சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால், 'வெருகல் – அடைப்பான் போடு' என்று எழுதியிருக்கிறார். சீரிஸ் லாண்ட் ரோவரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் இருக்கும் பிளைவீல் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. உள்ளே கசியும் எண்ணெய் வெளியே வடியட்டும் என்று வழமையாக அது திறந்தே இருக்கும். ஆழமான தண்ணீரைக் கடக்கும் முன் அதற்கு ஒரு திருகு அடைப்பான் போடவேண்டும், கரையேறியபின் கழற்றவேண்டும். போடாமல் இறங்கினால் தண்ணீர் கிளச்சுக்குள் போகும். கழற்ற மறந்தால் எண்ணெய் தேங்கி அதே கிளச்சைக் கெடுக்கும். அந்தப் பழைய உரிமையாளர் மாரி வெள்ளத்தில் வெருகல் பக்கம் போய்வந்தவராக இருக்கவேண்டும். மகாவலியின் கிளை கடலைத் தேடி ஓடும் இடம் அது, மழை பிடித்தால் எங்கே ஆறு, எங்கே வீதி என்று தெரியாது. அந்தக் குறிப்பைப் படித்தபிறகு, மாரி தொடங்கினால் அடைப்பானை டாஷ் தட்டில் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 88 அங்குலச் சில்லிடைத் தூரம், 2,286 சிசி பெற்றோல் எஞ்சின். ஒரு லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடினால் நல்ல ஓட்டம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எஞ்சின் சூடு காலடிக்கு வரும். முன் கண்ணாடிக்குக் கீழே இரண்டு காற்றுக் கதவுகள் இருக்கின்றன, திறந்தால் காற்று வரும், புழுதியும் வரும். அது எனக்குப் பழகிவிட்டது. நீண்டகாலத்தில் உண்மையான தொல்லை உப்புக்காற்றுதான்.

'லாண்ட் ரோவர் அலுமினியம், கறள் பிடிக்காது' என்று சொல்லித்தான் இங்கே விற்பார்கள். பாதி உண்மை. 1948இல் முதல் லாண்ட் ரோவர் வந்தபோது பிரித்தானியாவில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால் உடலைத் தாங்கும் அடிச்சட்டமான செசி இரும்பு. உட்பக்கம் வெறும் பெட்டிபோல் இருப்பதால், கறள் உள்ளிருந்து தின்றுகொண்டு வெளியே நல்ல பிள்ளையாகத் தெரியும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி, பொத் என்று கேட்டால் வாங்கவேண்டாம். இரும்பு ஆணியும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி கிளம்பும், அதைச் சுரண்டிவிட்டு இடையில் றப்பர் வாசர் வையுங்கள். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவவேண்டும், அதுவும் நல்ல தண்ணீர்க் கிணற்றில். உவர்க் கிணற்றில் கழுவினால் கழுவாமல் விட்டதைவிட மோசம். ஒவ்வொரு மாரிக்கும் முன் செசிக்குள் கழிவு எஞ்சின் ஒயில் விசிறுவது கிண்ணியாவில் வண்டி பார்க்கிற நானா சொல்லித்தந்த வழி. பார்வைக்கு அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது.

அதே நானாதான் இன்னொன்றையும் சொன்னார். பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு ஜெரி கானைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்று கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல தேய்ச்சிராதீங்க தம்பி, எழுத்துப் போயிரும்" என்றார். பக்கவாட்டில் டபிள்யூ, டி என்ற இரண்டு எழுத்துகள், நடுவில் ஓர் அம்புக்குறி, பிரித்தானிய இராணுவச் சொத்து என்பதற்கான அடையாளம், கீழே 1944. இப்படியான சாமான் திருமலையில் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளம் இது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும், சீனன்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கி எரிந்ததும் ஊரில் இன்றைக்கும் பேசப்படுகிற கதை. 1957இல் கடற்படை போனபிறகு மிஞ்சிய இரும்பு வீடுகளுக்குள் போய், மண்ணெண்ணெய்க் கானாகவும் தண்ணீர்க் கானாகவும் வாழ்ந்திருக்கிறது.

அந்தக் கானின் வடிவத்தை ஒருமுறை உன்னிப்பாகப் பாருங்கள். மேலே மூன்று பிடிகள். நடுப்பிடியில் ஒருவர் தனியாகத் தூக்கலாம், ஓரப் பிடிகளில் இருவர் சேர்ந்து தூக்கலாம், வெறும் கான் என்றால் ஒரே கையில் இரண்டைக் கொண்டுபோகலாம். ஜெர்மன்காரர் வடிவமைத்ததை மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள், ஜெர்மன்காரரை ஆங்கிலப் பேச்சில் 'ஜெரி' என்பார்கள், பெயரும் அதிலிருந்தே வந்தது. இருபது லீற்றர் பிடிக்கும். என்னுடையதில் இப்போது கிணற்றுத் தண்ணீர், ரேடியேட்டருக்கு. ஒரு எச்சரிக்கை: காட்டிலோ பழைய முகாம் பக்கமோ நிலத்தில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள். கண்ணிவெடி அபாயம் காட்டும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கும் பக்கம் பாதையைவிட்டு ஓரடி கூட இறங்காதீர்கள். சேகரிப்பு கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வரட்டும்.

பட்ஜ் வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். கொழும்பில் ஒரு விற்பனையாளர், முன் கிறிலுக்குப் போடும் முட்டை வடிவப் பழைய பட்ஜ், அசல் என்று சொல்லி எனக்கு அனுப்பினார். முன்பக்கத்தில் 'சொலிஹல்' என்ற ஊர்ப்பெயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆணித் துளைகளைச் சுற்றி ஒரு கீறல் இல்லை, பின்னால் ஒரு துளி பெயின்ற் இல்லை. வண்டியில் இருந்த பட்ஜ் அப்படி இருக்காது. திருப்பி அனுப்பினேன், காசு வர நீண்ட நாள் எடுத்தது. புதுப் பிரதி வாங்குவதில் பிழையில்லை, அசல் விலை கொடுக்கத்தான் கூடாது.

சரி, பாதைகளுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்தது கந்தளாயிலிருந்து தம்பலகாமத்துக்கு வாய்க்கால் கட்டுகளை ஒட்டிப் போவது. பிரதான வீதியில் போனால் அரை மணித்தியால விசயம். வாய்க்கால் வழியே போனால் காலைப்பொழுது முழுக்கப் போகும், அதுதான் வேண்டியது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயலுக்குள் பிரியும் மதகுகள், இருபக்கமும் பச்சை, தூரத்தில் ஆதி கோணநாயகர் கோயில். பெரும்போகம் நடக்கும்போது உழவு மெசின்கள் போன தடம் ஆழமாக இருக்கும். அங்கே இரண்டாம் கியரில் ஊர்ந்தால் போதும், கியரை இன்னும் தாழ்த்தும் சிவப்பு லீவரைத் தொடவேண்டியிருக்காது. எதிரே நெல் ஏற்றிய வண்டி வந்தால் நாம்தான் பின்வாங்கவேண்டும். அது அவர்களுடைய பாதை.

வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, திரியாய் என்று போகும் வீதி இப்போது வழுவழுப்பான காப்பற் தார் வீதி. அதில் வேகமாகப் போகிறவர்களை விட்டுவிட்டுத் திரியாயில் உட்பக்கம் திரும்புங்கள், மலைமேல் பழைய தாதுகோபுரம், கீழே பற்றைக்காடு. புல்மோட்டைப் பக்கம் அரிசிமலை மணலில் இறங்குவதென்றால் ரயர்க் காற்றைப் பதினைந்து இறாத்தல் அளவுக்குக் குறையுங்கள், திரும்பிவந்ததும் நிரப்புங்கள். கந்தளாயிலிருந்து ஹபரணைப் பக்கம் பின்னேரம் மங்கினால் போகவேண்டாம். யானைக்கு இந்த வண்டியின் மங்கல் வெளிச்சம் பொருட்டே இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பது, லாண்ட் ரோவரா, மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப்பா என்றுதான். பாதை சுற்றுவது மட்டும் நோக்கம் என்றால் தயங்காமல் மிட்சுபிஷியை எடுங்கள். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தில் 1953இலிருந்து ஜப்பானில் செய்த வம்சம் அது. டீசல், பாட்ஸ் கிடைக்கும், ஊர்க் கராஜ் எல்லாவற்றிலும் கை பழகிய எஞ்சின். பழைய மெனுவலைத் திறந்து, அதில் எழுதியபடி அடைப்பானைத் திருகி, அதே வெருகல் பக்கம் போகவேண்டும் என்று ஆசைப்பட்டால் லாண்ட் ரோவர். அப்புறம், செசியைத் தட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.