டிஃபரன்ஷியல் புஷ்: ரப்பரா, பியூவா?

செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூவோ மெர்சிடிஸோ வாங்கியவர்கள், ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது பின் சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். எஞ்சின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல்; அதைத் தாங்கும் மெத்தை வளையமான புஷ் கிழிந்திருந்தால் வருகிற சத்தம் இது. மாற்றுவது என்று முடிவெடுத்ததும் அடுத்த கேள்வி, கம்பெனி ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் என்கிற பியூ புஷ்ஷா என்பது. என் வண்டிக்கு ரப்பர்தான் போட்டேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் தினமும் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி முன்சக்கர இழுவை வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவற்றின் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கிறது. பொலேரோவில் பின் ஆக்ஸில் கூட்டுக்குள்ளேயே கிரௌன், பினியன் என்கிற டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் அடங்கிவிடும். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில்தான் டிஃபரன்ஷியல் தனிப் பெட்டியாக, புஷ் வழியாக சப்ஃபிரேமில், அதாவது பாடிக்கு அடியில் போல்ட் போட்ட இரும்புச் சட்டத்தில், தொங்குகிறது.

பார்ட்ஸ் ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் சத்தம் புஷ்ஷிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். ஃபிளெக்ஸ் டிஸ்க் (புரொப்பல்லர் ஷாஃப்டை இணைக்கும் ரப்பர் வட்டு), சிவி ஜாயிண்ட் (ஆக்ஸில் ஷாஃப்டின் மூட்டு), தேய்ந்த கிரௌன் பினியன் எல்லாமே இதே 'டொக்'கைத் தரும். வண்டிக்கு அடியில் போனை வீடியோவில் வைத்து, டிஃபரன்ஷியலையும் சப்ஃபிரேமையும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டே டி, ஆர் என்று மாற்றுங்கள். ஓடும் வண்டிக்கு அடியில் ஆள் படுக்கவே கூடாது. கோடு இரண்டாகப் பிரிந்து பெட்டி தூக்கித் தூக்கிப் போட்டால் புஷ்தான். கோடு நகராமல் சத்தம் மட்டும் வந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

இனி ஒப்பீடு. கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் ரப்பர் ஏறத்தாழ 50 முதல் 65 வரை. பியூ 70-லிருந்து 95 வரை போகும். பியூ ஆயிலுக்கு அசையாது, எளிதில் கிழியாது, இரண்டு துண்டாக வருவதால் பெரும்பாலும் கையாலேயே உள்ளே தள்ளிவிடலாம். ரப்பருக்கு பிரஸ் வேண்டும், ஆயில் பட்டால் ஊறி உப்பும். இந்த அளவில் பார்த்தால் பியூவே ஜெயிக்கும். விற்பவர்களும் இதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

புஷ் உறிஞ்சாத அடி எங்கே போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பினியன் பக்கத்து மூக்கு மேலே எழும்பப் பார்க்கும்; காலை எடுத்தால் கீழே இறங்கும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கடலூர் ரோட்டில் ஒரு நடை போய்வந்தால், பிரேக், நகர்வு, பிரேக், நகர்வு என்று இந்தத் தூக்கிப்போடல் ஓயாமல் நடக்கும். ரப்பர் அதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அமுங்கி வாங்கிக்கொள்கிறது. பியூ அமுங்குவது குறைவு. வாங்காத மிச்சம் சப்ஃபிரேம் புஷ்ஷுக்கும், ஃபிளெக்ஸ் டிஸ்க்குக்கும், சிவி ஜாயிண்டுக்கும், கடைசியில் சப்ஃபிரேம் போல்ட் ஏறுகிற பாடித் தகட்டுக்கும் போய்ச் சேரும். பிஎம்டபிள்யூவின் இ46 வரிசை 3 சீரிஸில் அந்தத் தகடு விரிசல் விடுவது உலகெங்கும் தெரிந்த விஷயம். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்ட பழைய வண்டி என்றால், அந்தத் தகட்டின் ஓரங்களில் ஏற்கெனவே துரு ஏறியிருக்கலாம். அங்கே வெல்டிங் வைப்பதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் புஷ் செலவு ஒன்றுமே இல்லை. டிஃபரன்ஷியல் புஷ்ஷைச் செத்துப்போகிற பொருளாகத்தான் செய்திருக்கிறார்கள். அது சாவதால்தான் மற்றவை பிழைக்கின்றன.

சத்தமும் இதே கணக்கில்தான் வரும். நிறைய கிலோமீட்டர் ஓடிய டிஃபரன்ஷியலில் பற்கள் கொஞ்சம் தேய்ந்து ஒரு முனகல் இருக்கும். ரப்பர் அதைக் கேபினுக்கு விடாது. பியூ போட்ட மறுநாள் "டிஃபரன்ஷியல் போய்விட்டது" என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் எப்போதும் இருந்த அந்த முனகலைத்தான். மென்மையான வகை பியூவில் இது குறையும் என்கிறார்கள். நம் உப்புக்காற்றில் பல வருஷம் ஓடிய பியூவைப் பார்த்த அனுபவம் இங்கே குறைவு என்பதால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

ரப்பரின் குறை, அதை ஏற்றுவதில் உள்ள பாடு. அதற்கும் வழி இருக்கிறது. பெரிய பிரஸ் வேண்டியதில்லை, 10.9 கிரேடு எம்14 திரெட் ராடு, தடித்த வாஷர்கள், இரண்டு நட், ஒரு திரஸ்ட் பேரிங் போதும். சாதா ராடில் மரை உருண்டுவிடும். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி அல்லது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதாவது லேத்தில் இரண்டு துண்டு கடைந்து வாங்குங்கள். ஒன்று புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவான தட்டு; அது தள்ளுவதற்கு. இன்னொன்று உள்விட்டம் புஷ்ஷைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலான குழாய். பழைய புஷ் வந்து விழுவதற்கு.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். எக்ஸாஸ்ட்டை இறக்கி, கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் அடையாளம் போட்டுக் கழற்றுங்கள். ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் கழற்றிவிட்டால் பெட்டி தாராளமாக இறங்கும். 25, 30 கிலோவுக்குக் குறையாத எடை. டிராலி ஜாக்கியில் மரக்கட்டை வைத்து, பெல்ட்டால் கட்டி இறக்குங்கள். ஏபிஎஸ் வயர் இழுபடாமல் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

பழைய புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது, அதன் ஓட்டைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, விளிம்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையெல்லாம் முதலில் வெர்னியரால் அளந்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் ஓட்டை இருக்கும் பக்கம் மெத்தென்றும் மற்றப் பக்கம் விறைப்பாகவும் இருக்கும். திருப்பிப் போட்டால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். ராடுக்கு அசையாத புஷ் என்றால், ரப்பரைச் சுற்றி டிரில் போட்டு நடுத் துண்டை எடுத்துவிட்டு, வெளிக் கூட்டை ஹேக்ஸா பிளேடால் ஒரே கோடாக அறுங்கள். கூடு அறுபட்டதும் நிறுத்துங்கள். சப்ஃபிரேம் துளைக்குள் பிளேடு இறங்கக் கூடாது. பிறகு உளியால் உள்பக்கம் மடித்தால் தானே கழன்று வரும். கேஸ் வைத்து எரிக்கவே கூடாது: பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, ரப்பர் புகையும் விஷம்.

புதுப் புஷ்ஷை ராத்திரி ஃபிரீசரில் வையுங்கள். துளையை எமரி பேப்பரால் துருப் போகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எஞ்சின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் ரப்பருக்கு ஆகாது. முதல் சில மில்லிமீட்டர் நேராகப் போகிறதா என்று நாலு பக்கமும் பார்த்து, கோணல் தெரிந்தால் உடனே வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். பாதி ஏறியபின் சுத்தியலால் நிமிர்த்தினால் கூடு வளைந்துபோகும். தள்ளும் தட்டு வெளிக் கூட்டில்தான் உட்கார வேண்டும். நடுத் துண்டில் அழுத்தினால் ரப்பர் ஒட்டு பிரிந்துவிடும். ஏற்றும்போது எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, பெட்டி தானாக உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள். முறுக்க வேண்டிய டார்க் அளவு உங்கள் மாடலின் மேனுவலில் உள்ளதுதான். ஒருமுறை மட்டும் பயன்படும் போல்ட் என்று அதில் எழுதியிருந்தால் புதுசு வாங்குங்கள்.

பெட்டி கீழே இருக்கும்போதே ஆக்ஸில் பக்கத்து ஆயில் சீல்களை மாற்றிவிடுங்கள். கசியும் சீலை விட்டுவைத்தால் புது ரப்பரும் ஊறிப்போகும். பினியன் சீலைத் தொட வேண்டாம், அதை மாற்றக் கழற்ற வேண்டிய நட் பேரிங்கின் இறுக்கத்தையே தீர்மானிப்பது. டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றும்போது, பழைய ஆயிலை வடிக்கும் முன்னாலேயே ஆயில் ஊற்றும் மேல் நட் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலைக் கொட்டிவிட்டு மேல் நட் இறுகிக்கிடந்தால் வண்டி நகராது. 2024 நவம்பர் ஃபெஞ்சல் மழையில் ஆக்ஸில் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி, அதற்குப் பிறகும் ஆயில் மாற்றப்படாமல் இருந்தால், பெட்டியின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் புஷ்ஷை மறந்துவிட்டு முதலில் பேரிங்குகளைப் பாருங்கள்.

கிழிந்த புஷ்ஷின் ஓட்டைகளில் கண்ணாடி ஒட்டும் பசையை நிரப்பும் யோசனையும் சுற்றுகிறது. ஆயில் படிந்த ரப்பரில் அது பிடிக்காது. பிடித்தாலும் ரப்பர் புஷ்ஷைப் பாதி பியூவாக்குவதுதான் அது.

பியூ போட வேண்டிய இடமும் இருக்கிறது: டிராக்கில் ஓட்டும் வண்டி, ஆயில் கசிவை நிறுத்தவே முடியாத பழைய பெட்டி, அல்லது ஒரிஜினல் ரப்பரே கிடைக்காத மாடல். அப்படியானால் இருப்பதில் மென்மையானதை வாங்குங்கள். கிட்டோடு வரும் சிலிகான் கிரீஸை நடுக்குழாயின் வெளிப்புறத்திலும் முகப்பிலும் தடவுங்கள். அந்த கிரீஸ் மழையில் கழுவிப்போனால், மறுபடி தடவ இதே பெட்டியை மறுபடி இறக்க வேண்டும்.