தொலைந்த ஆர்சி புக்கும் போலீஸ் இணையதளமும்

காட்பாடியில் குட்டியானை ஓட்டுகிறேன். சித்தூருக்கு மாங்காய் லோடு எடுக்கப் போனபோது ஆர்சி புக் தொலைந்தது. சரி, ஸ்டேஷன் வாசலில் அரை நாள் போச்சு என்றுதான் நினைத்தேன். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணப் புகார் பதியலாம் என்று மகள் சொன்னாள். டீ ஆறுவதற்குள் முடிந்தது. போன் டவர்தான் படுத்தியது.

இதற்கெல்லாம் அடிப்படை 2009-ல் தொடங்கிய சிசிடிஎன்எஸ். நாடு முழுக்க போலீஸ் ஸ்டேஷன்களைக் கணினி வழியே இணைக்கும் திட்டம். மாநிலத்துக்கு ஒரு மென்பொருள் என்று காசைக் கரைக்காமல், மத்திய அரசு தரப்பிலேயே பொதுவாக ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். 2019-ல் வேலூரை மூன்று மாவட்டமாகப் பிரித்தார்கள். அதில் தனி மாவட்டமாகப் போன ராணிப்பேட்டைக்காரருக்கும் இதே இணையப் பக்கம்தான். எழுத்து மட்டும் எறும்பு சைஸ். ஐந்துக்கு நாலு தரலாம்.