லோடுமேன்களுக்கு டபிள்யூ.சி. பாலிசி எடுத்தவர்கள் உடனே ஷெட்யூலைப் பாருங்கள்: எங்களுக்கு 7,18,462 ரூபாய் போச்சு

லாரி புக்கிங் ஆபீஸ், பார்சல் செட், மண்டி, கிடங்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் உங்கள் டபிள்யூ.சி. பாலிசியை (வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ்) கையில் எடுங்கள். முன்பக்கத்தை விடுங்கள். ஷெட்யூல் பக்கத்தில் ‘பணியின் தன்மை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் லோடிங், அன்லோடிங் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் லோடுமேன்களுக்குக் காப்பீடே இல்லை என்றுதான் அர்த்தம். அந்த ஒரு கட்டத்தில் ஏஜென்ட் எழுதிய வார்த்தையால் எங்கள் ஆபீஸுக்கு 7,18,462 ரூபாய் போயிருக்கிறது.

வண்டி இன்சூரன்ஸ், ஹெல்த் பாலிசி எல்லாம் போட்டுக்கொடுக்கும் உள்ளூர் ஏஜென்சி அது. விவகாரம் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எங்களிடம் மொத்தம் 9 பேர்: 6 லோடுமேன்கள், எல்.ஆர். (லாரி ரசீது) போடும் கிளார்க் 2 பேர், இரவு வாட்ச்மேன் ஒருவர். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆளுக்கு ஏதாவது ஆனால் இந்த ஒரு பாலிசிதான் துணை.

இன்னொரு இடத்தில் லோடிங் வேலை என்று தெளிவாகப் போட்டு 21,300 ரூபாய் பிரீமியம் சொல்லியிருந்தார்கள். இந்த ஏஜென்ட் நேரிலேயே வந்தார். லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஆட்கள் மூட்டை இறக்குவதையும், அடுக்கி அட்டி போடுவதையும், லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுவதையும் நின்று பார்த்தார். டெலிவரி வண்டியோடும் இவர்கள்தான் போவார்கள் என்பதையும் சொன்னோம். எல்லாம் கேட்டுவிட்டு 8,700 ரூபாய் என்றார். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றதற்கு அவர் சொன்ன பதில்: “அண்ணே, அவங்க தேவையில்லாம லோடிங்னு தனி ரேட் போட்டிருக்காங்க. உங்க ஆளுங்க கிடங்குலதான வேலை செய்யறாங்க? கிடங்கு ஸ்டாஃப்னு போட்டா ஒன்பது பேரும் உள்ள வந்துருவாங்க. கிளைம்னு வந்தா நான் இருக்கேன்ல.” வேலையைக் கண்ணால் பார்த்த ஆள் சொல்கிறார், நம்பாமல் என்ன செய்வது? ப்ரொபோசலை, அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தை, அவரே டேப்பில் நிரப்பினார், ஓ.டி.பி. மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பாலிசி வந்தபோது ‘கிடங்குக் கண்காணிப்பாளர், எழுத்தர், காவலர் – 9 பேர்’ என்று இருந்தது. லோடுமேன் என்று இல்லையே என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம். “அது சிஸ்டத்துல வர்ற பேருண்ணே, கவர் ஆகும்” என்று பதில் வந்தது. இன்று எங்கள் பக்கம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த மெசேஜ்தான்.

பிரீமியம் ஏன் இப்படி மாறுகிறது என்றால், சம்பளத்தில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வேலைக்கு வேலை தனி ரேட் உண்டு. மேசையில் உட்கார்ந்து எல்.ஆர். எழுதுபவருக்கு ரேட் மிகக் குறைவு. சரக்கைக் கணக்குப் பார்க்கும் கிடங்குப் பொறுப்பாளருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஏற்றி இறக்குபவருக்கு விரல், பாதம், இடுப்பு எல்லாமே ஆபத்தில் இருப்பதால் பல மடங்கு. வண்டியோடு போய் வெளியிடத்தில் இறக்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கிடங்கு முகவரிக்கு வெளியே நடந்தது என்று அதற்கும் ஒரு மறுப்பு வரும். ஒரே ஆள் காலையில் செக்கர், மாலையில் லோடுமேன் என்றால் ஆபத்து கூடின வேலையில்தான் அவரைக் காட்ட வேண்டும். ஏஜென்ட் செய்தது இதற்கு நேர் எதிர். எல்லோரையும் மலிவான வகையில் தள்ளி, ரேட்டைக் குறைத்துக் காட்டி பிசினஸைப் பிடித்திருக்கிறார்.

விபத்து பேரல் இறக்கும்போது நடந்தது. 200 லிட்டர் ஆயில் பேரல், நிறைந்திருந்தால் 180 கிலோவுக்கு மேல். லாரியின் பின்பக்கத்திலிருந்து பழைய டயர் மேல் தள்ளித்தான் இறக்குவார்கள். டயர் வழுக்கி நகர்ந்ததில் பேரல் சாய்ந்தது. பேரலின் விளிம்புக்கும் சிமென்ட் மேடையின் முனைக்கும் நடுவில் கை சிக்கி, எங்கள் ஆளின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அவருக்கு வயது 35.

விபத்துத் தேதிக்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். கணக்கு இப்படி வரும். உண்மைக் கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் 3.1.2020 முதல் மாதம் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. முப்பத்தைந்து வயதுக்கான காரணி 197.06. பெருக்கினால் 17,73,540. ஒரு கையில் மூன்று விரல் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணையில் 30 சதவீதம், ஆக 5,32,062 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு 1,86,400. மொத்தம் 7,18,462. அந்த மனிதனுக்கு இந்தப் பணம் ஒரு ரூபாய் குறையாமல் போய்ச்சேர வேண்டும், அதில் எங்களுக்கு மறுபேச்சே இல்லை. பிரீமியம் வாங்கியவன் கொடுக்க வேண்டிய பணம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விபத்தன்றே ஏஜென்டுக்குப் போன் போட்டோம். “ஒண்ணும் பயப்படாதீங்க, பேப்பர் எல்லாம் குடுங்க” என்றார். கொடுத்தோம். பிறகு “சர்வேயர் ரிப்போர்ட் வரட்டும்”. அப்புறம் “ஹெட் ஆபீஸ்ல பெண்டிங்”. பிறகு ஏஜென்சியில் வேறு ஒரு பையன் போனை எடுத்து, “சார் இப்ப அந்த ஏரியா பார்க்கலை” என்றான். ஒரு கட்டத்தில் லாரி இன்சூரன்ஸில் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். வந்தது வெளி லாரி. அதன் பாலிசியில் வேலையாட்களுக்கான கவர் வண்டிக்காரர் தன் டிரைவருக்கும் கிளீனருக்கும் எடுத்தது, கீழே நின்று பேரல் பிடித்த எங்கள் ஆளுக்கு அதில் எங்கே இடம்? கடைசியில் அதே ஏஜென்ட் கூசாமல் சொன்னார்: “ப்ரொபோசல்ல ஓ.டி.பி. குடுத்தது நீங்கதானே.”

கம்பெனியின் மறுப்புக் கடிதம் இரண்டு காரணம் சொல்கிறது. காயமடைந்தவரின் வேலை ஷெட்யூலில் உள்ள எந்தப் பணிவகையிலும் வரவில்லை. மருத்துவச் செலவுக்கான கூடுதல் கவர் எடுக்கப்படவில்லை. இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. வேலையில் அடிபட்டவரின் மருத்துவச் செலவை முதலாளி முழுதாகத் தர வேண்டும் என்கிறது சட்டம், ஆனால் பாலிசியில் அது தனிப் பிரீமியம் கட்டினால்தான் வரும். கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்திருப்பதால் அடிபட்டவர் கான்ட்ராக்ட் ஆள் என்றும் வாய்மொழியாக ஒரு பேச்சு விட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தாலும் அந்தச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி நாங்கள்தான் பொறுப்பு. தினக்கூலி, தற்காலிகம் என்ற விலக்கும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போய்விட்டது. ஆள் என்ன வேலை செய்தார் என்றுதான் சட்டம் பார்க்கும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் இன்சூரன்ஸ் பார்க்கும். இடையில் உள்ள 7,18,462 ரூபாயும் முதலாளி தலையில்.

இதில் காத்திருக்கவும் முடியாது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 5,32,062-க்கு மாதம் 5,320 ரூபாய்க்கு மேல் ஏறும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். அந்த அபராதத்தை எந்த இன்சூரன்ஸும் ஏற்காது. அதனால் கடன் வாங்கிக் கட்டினோம்.

லோடிங் வேலையை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) மனு தயார் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் அவசரத்துக்கு இவ்வளவுதான்:

‘கிடங்கு ஸ்டாஃப்’, ‘ஹெல்பர்’ போன்ற பொத்தாம்பொதுவான பெயரை ஏற்காதீர்கள். ஏற்றுதல், இறக்குதல், அட்டி போடுதல், தார்ப்பாய் கட்டுதல், வண்டியோடு டெலிவரி என்று வேலையையே எழுதச் சொல்லுங்கள், எத்தனை பேர் என்பதோடு.

மேஸ்திரி ஆட்களையும் தனி வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். கூலி நோட்டில் ஆளுக்கு ஆள் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும்.

மருத்துவச் செலவு கவர் கேட்டு வாங்குங்கள். ப்ரொபோசல் நகலைப் படிக்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

பாலிசி ஏற்கெனவே தவறான வகையில் ஓடிக்கொண்டிருந்தால் ஏஜென்டிடம் கேட்காதீர்கள், கம்பெனிக்கே மெயில் போட்டு, மீதிப் பிரீமியம் கட்டி, என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) வாங்குங்கள். விபத்துக்கு முன்னால் மட்டும்தான் அது நடக்கும்.